வருகிறேன் என்று சொல்லி வராத பனி

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1869-லிருந்து வானிலையைக் குறித்துவைக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் 2022 பிப்ரவரி 13-க்குப் பிறகு நீண்ட வெறுமை ஒன்று தெரிகிறது. ஒரே நாளில் ஓர் அங்குலப் பனி என்ற சாதாரண அளவை நகரம் மறுபடி தொட்டது 2024 ஜனவரி 16-ல். இடையில் போனவை 701 நாள்கள். அதற்கு முன் இருந்த மிக நீண்ட இடைவெளியே 400 நாள்தான். அது 1998 மார்ச்சில் முடிந்தது.

அந்த 701 நாளுக்குள் முழுசாக விழுங்கப்பட்டது 2022-23 குளிர்காலம். பருவம் முழுக்கச் சேர்த்து சென்ட்ரல் பார்க்கில் விழுந்த பனி 2.3 அங்குலம். சராசரி ஏறக்குறைய 30 அங்குலம். பதிவேடு தொடங்கியதிலிருந்து இவ்வளவு குறைவாக ஒரு பருவம் கண்டதில்லை. அளக்கிற அளவுக்கு முதல் பனி விழுந்ததே பிப்ரவரி 1-ம் தேதி. அதுவும் 0.4 அங்குலம், புல்லின் நுனிகூட மறையவில்லை. முதல் பனி அவ்வளவு தாமதமாக வந்ததும் அதற்கு முன் இல்லை. பிப்ரவரி கடைசியில் கொஞ்சம் நல்ல பனி விழுந்தது. நள்ளிரவு குறுக்கே வந்து அதை இரண்டு நாள் கணக்காகப் பிரித்துவிட, ஓர் அங்குலக் கோட்டை எந்த நாளும் தாண்டவில்லை.

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இருப்பவர்களில் பெரும்பாலோர் இதை வரம் என்றார்கள். ஷவல் எடுக்க வேண்டாம், விடியற்காலையில் கார் கண்ணாடியைச் சுரண்ட வேண்டாம், வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பனியை நேசிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதைச் சேர்ந்தவன். எங்களுக்கு அந்த ஆண்டு ஒரு துக்கம்.

பனிக்காகத் துக்கமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதிதாக விழுந்த பனி ஒலியைக் குடித்துவிடும். படிகங்களின் நடுவே சிக்கிய காற்று சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ள, ஓயாமல் இரைகிற ஊர் ஓர் இரவில் அடங்கிப்போகும். மழை வந்தால் தெரியும், காற்று வந்தால் தெரியும். பனி வந்ததை அந்த அமைதியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் திரையை விலக்கினால் தெரு, குப்பைத்தொட்டி, பக்கத்து வீட்டு உடைந்த வேலி எல்லாம் ஒரே வெள்ளை. வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். 1885 ஜனவரி 15-ம் தேதி நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். 1931-ல் சாகும்வரை அதே வேலைதான். 5,000-க்கும் மேற்பட்ட படங்கள். ஊரார் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் எதைப் பார்த்தார் என்பதும் புரிகிறது.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நாளைக்குப் பனி விழுந்து பள்ளிக்கூடம் லீவு விட வேண்டுமென்றால், இரவில் பைஜாமாவை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். தலையணைக்கு அடியில் ஸ்பூன் வைக்க வேண்டும். ஐஸ் கட்டிகளை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் விடாமல் செய்கிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் எத்தனை பைஜாமாக்கள் வீணாகத் திரும்பினவோ!

பெரியவர்கள் செய்வது வேறு. அவர்கள் மாடல் பார்க்கிறார்கள்.

நள்ளிரவு வரைபடங்கள்

அமெரிக்க அரசின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. பதினாறு நாள் வரை முன்னோக்கிச் சொல்கிறது. இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து ஐரோப்பிய மையம் தருவது இன்னொன்று. எல்லோரும் அதை 'யூரோ' என்பார்கள். குளிர்காலத்தில் நியூயார்க் நேரப்படி இரவு பத்தரைக்கு மேல் ஜிஎஃப்எஸ் வரைபடங்கள் ஒவ்வொன்றாக வெளியாகும். யூரோ வருவதற்கு நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம் ஆகிவிடும். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள்கூடக் கண் விழித்துக் காத்திருப்பார்கள். பத்தாம் நாளில் நியூஜெர்சிக் கடலோரத்தில் நீலமும் ஊதாவுமாய் பதினெட்டு அங்குலம் தெரிந்தால் போதும், அந்தப் படம் விடிவதற்குள் எல்லோர் போனிலும் இருக்கும். அடுத்த ஓட்டத்தில் அதே புயல் நடுக்கடலில் நிற்கும். அதற்கடுத்ததில் காணாமலே போயிருக்கும். அந்த இரண்டாவது படத்தை யாரும் அனுப்புவதில்லை.

பொய் சொல்கிறார்கள் என்று கோபப்படுவது எளிது. ஆனால் நடப்பது வேறு. 1961-ல் எம்ஐடியில் எட்வர்ட் லோரன்ஸ் தன் சின்ன வானிலை மாதிரியை மறுபடி ஓட்டிப் பார்க்க நினைத்து, நடுவிலிருந்து ஓர் எண்ணை எடுத்துத் தட்டச்சு செய்தார். இயந்திரத்துக்குள் இருந்த எண் 0.506127. அச்சில் வந்ததைப் பார்த்து அவர் இட்டது 0.506. அந்தச் சிறு வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து, கணக்கில் முற்றிலும் வேறொரு வானிலையே வந்து நின்றது. தொடக்க நிலையை நம்மால் முழுத் துல்லியத்தோடு அளக்க முடியாது. ஆகவே சுமார் இரண்டு வாரத்துக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்ல முடியாது என்பதுதான் அந்தத் துறை ஏற்றுக்கொண்ட எல்லை. பத்தாம் நாள் வரைபடம் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசுகிறது. இவ்வளவு இருந்தும் முன்னறிவிப்பு மோசமாகிக்கொண்டு போகவில்லை. பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் முன்னேறியிருக்கிறது. இன்றைக்கு ஐந்து நாள் தள்ளிச் சொல்வது, பத்தாண்டுக்கு முன்பு நான்கு நாள் தள்ளிச் சொன்னதற்குச் சமம். அறிவியலின் அமைதியான பெரிய வெற்றிகளில் இது ஒன்று என்று நினைக்கிறேன்.

பிறகு ஏன் பனி மட்டும் இப்படி ஏய்க்கிறது? நியூயார்க் அமைந்திருக்கும் இடம் அப்படி. கிழக்கே வெதுவெதுப்பான அட்லாண்டிக், வடமேற்கே கனடாவின் குளிர்காற்று. மழைக்கும் பனிக்கும் நடுவிலான கோடு பெரும்பாலும் நகரத்தின் மேலேயே ஓடுகிறது. புயல் ஐம்பது கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தால் கடற்காற்று புகுந்து எல்லாம் மழை. வெளியே நகர்ந்தால் ஒன்றுமே இல்லை. தரையில் குளிர் இருந்தாலும் போதாது. ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் சூடான காற்றுப் படலம் ஒன்று நுழைந்தால் பனி வழியிலேயே உருகி, மறுபடி உறைந்து, சடசடவென்று கட்டி மழையாக விழும். போதாததற்கு, ஓர் அங்குல மழைநீர் பத்து அங்குலப் பனியாகும் என்பது வெறும் கைக்கணக்கு. ஈரமான பனி ஐந்து அங்குலமே தரும். நல்ல குளிரில் பொலபொலவென்று விழுந்தால் இருபதையும் தொடும். மழையை முன்னறிவிப்பவர் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். பனியை முன்னறிவிப்பவர் மூன்று நான்கு கேள்விக்கு ஒரே நேரத்தில் சரியான பதில் சொல்ல வேண்டும்.

மதராஸ் வழியாக வந்த ஒரு குறியீடு

பனிப்பிரியர்கள் நாள்தோறும் பார்க்கும் எண் ஒன்று உண்டு: வட அட்லாண்டிக் அலைவு. ஐஸ்லாந்துப் பக்கமும் அசோர்ஸ் தீவுகள் பக்கமும் காற்றழுத்தம் ஏறி இறங்குவதை ஒப்பிடும் குறியீடு அது. எண் எதிர்மறையானால் கிரீன்லாந்தின் மேல் உயர் அழுத்தம் அணை கட்டியது போல நிற்கும். குளிர்காற்று கிழக்குக் கரைக்கு இறங்கும். புயல்கள் வேகம் குறையும். நியூயார்க்கின் பெரும்பனிகள் பலவற்றுக்குப் பின்னால் அந்த எதிர்மறை எண் இருந்திருக்கிறது.

அதற்குப் பெயர் வைத்தவர் கில்பர்ட் வாக்கர். 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானவர். 1899-ல் பருவமழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்துபோயிருந்த நேரம் அது. அடுத்த மழை பொய்க்குமா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டிய பொறுப்பு இந்தக் கேம்பிரிட்ஜ் கணிதக்காரரிடம் வந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து அழுத்த, வெப்ப, மழைக் கணக்குகளைச் சேர்த்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். எல் நினோவோடு இன்று நாம் பேசும் தெற்கு அலைவு, அட்லாண்டிக்கின் வட அலைவு இரண்டும் அந்த உழைப்பில் பிறந்தவை. இதே வாக்கர்தான் 1913-ல் மதராஸ் வந்தபோது துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா ஒருவரின் கணித நோட்டுகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று மதராஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர். அந்தக் குமாஸ்தா சீனிவாச ராமானுஜன். நம் மழையைக் கணிக்கப் போட்ட கணக்கு, ஒரு நூற்றாண்டு தாண்டி நியூஜெர்சியில் பனியைக் கணிக்க உதவுகிறது. எனக்கு இது பெருமையாக இருக்கிறது.

2022 டிசம்பரில் அந்தக் குறியீடு எதிர்மறைக்குப் போனது. கிரீன்லாந்தில் அணை நின்றது. எங்கள் கூட்டம் முழுக்க உற்சாகம். ஆனால் பசிபிக் பக்கம் ஒத்துழைக்கவில்லை. தொடர்ந்து மூன்றாவது குளிர்காலமாக லா நினா. அமெரிக்காவின் மேற்குக் கரை குளிர்ந்து, கிழக்கே வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அந்த மாதம் 23-ம் தேதி வந்த பெரும் புயல் கரையோரம் வராமல் பேரேரிகள் பக்கம் ஏறியது. நியூயார்க்கில் முதலில் சூடான மழை. பிறகு நள்ளிரவுக்குள் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சரிந்து எலும்பை உறையவைக்கும் குளிர். நடுவில் பனிக்கு இடமே கிடைக்கவில்லை.

அதே புயல் அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் செய்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. உறையாத ஈரி ஏரியின் மேல் கடுங்குளிர்காற்று நீளவாக்கில் வீசி ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பஃபலோ நகரத்தில் கொட்டியது. விமான நிலையத்தில் 50 அங்குலத்துக்கு மேல். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காருக்குள் அடைபட்டவர்கள், மின்சாரம் போன வீட்டில் விறைத்தவர்கள், மருத்துவ உதவி வந்து சேராதவர்கள். அந்தப் புயலைப் பற்றிய முன்னறிவிப்பு சில நாள் முன்னதாகவே தெளிவாகவும் கடுமையாகவும் சொல்லப்பட்டிருந்தது. சரியாகச் சொன்னால் மட்டும் போதாது என்பதற்குப் பஃபலோவைவிட வேறு சாட்சி வேண்டாம். பனியை நேசிக்கிற யாரும் அந்த வீடுகளை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

மன்னிப்புக் கேட்ட வானிலையாளர்

ஏமாற்றங்களில் பெரியது 2015 ஜனவரி 26-ம் தேதியுடையது. நியூயார்க்குக்கு இரண்டு அடி, அதற்கு மேலும் வரலாம் என்றது முன்னறிவிப்பு. நகர வரலாற்றிலேயே பெரியதாக இருக்கலாம் என்று மேயர் எச்சரித்தார். பனிக்காகச் சுரங்க ரயிலை முழுக்க நிறுத்தியது அதன் வரலாற்றில் அதுதான் முதல் முறை. சாலைகளில் கார் ஓடத் தடை. விடிந்தபோது சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே இன்னும் குறைவு.

நியூஜெர்சியின் மவுன்ட் ஹாலியில் தேசிய வானிலைச் சேவையின் தலைமை அதிகாரியாக இருந்த கேரி சட்கோவ்ஸ்கி ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எங்களை நம்பிக் கடினமான முடிவுகளை எடுத்தீர்கள், நாங்கள் தவறிவிட்டோம் என்ற பொருளில் எழுதினார். அரசு அலுவலகத்திலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். அந்த மனிதர் மீது அன்றிலிருந்து எனக்கு மதிப்பு.

ஆனால் நடந்தது என்ன என்று பார்த்தால், புயல் பொய்க்கவே இல்லை. லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியில் இரண்டு அடி விழுந்தது. மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலம். புயலின் பாதை நூறு கிலோமீட்டர் அளவுக்குக் கிழக்கே தள்ளிப்போனதில் நியூயார்க் அதன் விளிம்பில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். யூரோ நிறையப் பனி என்றது. ஜிஎஃப்எஸ் குறைவு என்றது. 2012-ல் சாண்டி புயல் கரைக்குத் திரும்பும் என்று ஒரு வாரம் முன்பே பிடித்தது யூரோ. அந்த மரியாதையில் இந்த முறையும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு மாடலும் இவ்வளவு முரண்படுகின்றன என்ற செய்தியே பொதுமக்களுக்குப் போய்ச் சேர வேண்டிய முதல் செய்தி. அது போய்ச் சேரவில்லை. இரண்டு அடி என்ற எண் மட்டும் போய்ச் சேர்ந்தது.

ஒன்பது ஆண்டு கழித்தும் அதே கதை. 2024 பிப்ரவரி 13. நகரத்துக்கு ஐந்திலிருந்து எட்டு அங்குலம் என்று சொல்லப்பட்டது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் அப்போது பனி விடுமுறை கிடையாது. பள்ளி மூடினால் வீட்டிலிருந்தே கணினி வகுப்பு. அன்றும் அப்படியே அறிவித்தார்கள். காலையில் பல பிள்ளைகளால் வகுப்புக்குள் நுழையவே முடியவில்லை. புயல் கடைசி நேரத்தில் தெற்கே நகர்ந்து, சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 3.2 அங்குலம். விடுமுறையும் போயிற்று, படிப்பும் போயிற்று. பனி விழுகிற ஒரு நாளைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க முடியாதா? இதில் எனக்கு வருத்தம் அதிகம். வாழ்நாளில் ஒருவருக்குக் கிடைக்கும் பனி விடுமுறைகள் ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகின்றன.

இரண்டு ஏமாற்றங்கள்

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. 2022-23 குளிர்காலத்தில் எங்கள் கூட்டத்தின் கோபம் முழுக்க முன்னறிவிப்பாளர்கள் மேல் விழுந்தது. ஆசை காட்டினார்கள், மோசம் செய்தார்கள் என்று. ஆனால் அரசின் பருவக் கணிப்பு என்ன சொன்னது? அக்டோபரிலேயே, அட்லாண்டிக் கரையோரம் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே நடந்தது. சென்ட்ரல் பார்க் பதிவேட்டிலேயே மிக வெப்பமான ஜனவரி 2023-ல் வந்தது. நாங்கள்தான் அந்த அறிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, பத்தாம் நாள் ஊதா நிறத்தைக் கட்டிக்கொண்டு விழித்திருந்தோம். பிப்ரவரி 2-ம் தேதி குளிர்காலம் நீளுமா என்று குறி சொல்வதாகப் பெயர்பெற்ற பென்சில்வேனியாவின் கிரவுண்ட்ஹாக் என்ற விலங்கு தன் நிழலைப் பார்த்து, இன்னும் ஆறு வாரம் குளிர்காலம் என்று சொன்னபோது அதற்கும் கைதட்டினோம்.

முன்னறிவிப்பு தவறியது சின்ன ஏமாற்றம். குளிர்காலமே மெலிந்துபோவது பெரிய ஏமாற்றம். சின்னதன் மேல் கோபப்படுவது எளிது என்பதால் பெரியதைப் பேசாமல் விடுகிறோம். அதே 2022-23-ல் கனடாவின் ஒட்டாவாவில் ரீடோ கால்வாய் பனிச்சறுக்குப் பாதை திறக்கவே இல்லை. 1970-71-ல் அது தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு பருவம் போனதில்லை. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில், பனியில் சறுக்க வந்தவர்கள் பழுப்புப் புல்லைப் பார்த்துத் திரும்பினார்கள்.

பெரும்பனி இனி வரவே வராது என்று யாரும் சொல்லவில்லை. சென்ட்ரல் பார்க்கின் மிகப் பெரிய ஒற்றைப் புயல் 2016 ஜனவரியில்தான் வந்தது, 27.5 அங்குலம். சூடான காற்று அதிக ஈரம் தாங்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 7 சதவீதம். குளிர் மட்டும் சரியாக வந்து சேர்ந்தால் கொட்டித் தீர்க்கும். ஆனால் பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே இருந்து மெல்ல மெல்ல விழுந்துகொண்டிருந்த இரண்டு அங்குலம், மூன்று அங்குலப் பனிகள் இருக்கின்றனவே, அவை ஒரு டிகிரி மேலே வந்து மழையாகிவிடுகின்றன. குளிர்காலத்தின் அன்றாடப் பனி அவைதாம். நாங்கள் இழந்துகொண்டிருப்பது அவற்றை.

சென்னைவாசிகளுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரியாது. 2024 அக்டோபர் 16-க்கு ரெட் அலர்ட் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவைத்தார்கள். முந்தின நாள் கொட்டிய மழை அன்று பெரிதாக இல்லை. 2021 டிசம்பர் 30-ல் நேர்மாறு. பெரிய எச்சரிக்கை ஏதுமின்றி மாலைக்குள் நகரம் மூழ்கியது. வங்கக் கடலைப் பார்த்துக் கண்விழிப்பவர்களும் பார்ப்பது இதே யூரோவை, இதே ஜிஎஃப்எஸ்ஸை. ஆகவே என் வேண்டுகோள் இரு ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஐரோப்பிய மையம் ஒரே ஒரு கணிப்பைத் தருவதில்லை. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பத்தொரு முறை ஓட்டுகிறார்கள். ஐம்பத்தொன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பலாம். கலைந்து கிடந்தால் பொறுத்திருக்க வேண்டும். அமெரிக்க வானிலைச் சேவை பனிப்பொழிவுக்கு மூன்று வரைபடம் வெளியிடுகிறது: குறைந்தபட்சம் இவ்வளவு, எதிர்பார்ப்பது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. தொலைக்காட்சிகளும் போன் செயலிகளும் அந்த மூன்றில் நடு எண்ணை மட்டும் உருவி எடுத்துத் தருகின்றன. சில செயலிகள் அதைக்கூடச் செய்வதில்லை. மாடலின் ஒரே ஓட்டத்தைப் பத்து நாள் முன்னதாகவே அங்குலக் கணக்கில் காட்டிவிடுகின்றன. இது நிற்க வேண்டும். ஐந்து நாளுக்கு அப்பால் அங்குலமோ சென்டிமீட்டரோ காட்டாதீர்கள். வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்து நாளுக்கு உள்ளே வந்த பிறகு மூன்று எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள். மக்களுக்குப் புரியாது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூன்று எண்ணைப் பார்த்து முடிவெடுக்க மக்களுக்குத் தெரியும்.

வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை உங்கள் போனுக்குப் புயல் படம் ஒன்று வந்தால், எத்தனை நாள் தள்ளிச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். எந்த மாடல், எத்தனை மணி ஓட்டம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.